சிலுவைக்குப் பக்கத்து இருட்டு

மகனே,

சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தைப் படி. வெறும் வயிற்றில் உனக்குச் சட்டென்று கோபம் வரும். அது அப்பாவிடமிருந்து வந்த குணம். ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் போன கப்பலில் வந்தது. கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பென்ஷனோடு உத்தியோகம் காத்திருக்கிறது என்கிறாய். உன் புரொபசரோ இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருந்து, நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ச்சி பண்ணு என்கிறாராம். எதை எடுப்பது என்று உனக்குத் தெரியவில்லை. "அம்மா, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்" என்று எழுதி, இவ்வளவு படித்தவன் தலையில் இருந்த சுமையை இறக்கி என் தலையில் ஏற்றிவிட்டாய். கொழும்புக்காரர்கள் அதிகநாள் பொறுக்க மாட்டார்கள், இந்தத் தபாலிலேயே பதில் வேண்டும் என்று வேறு அவசரப்படுத்துகிறாய். பதில் இருக்கிறது. ஆனால் அதைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே. முதலில் நீ அனுப்பிய படத்துக்கு இங்கே என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் என் பதில் உனக்கு விளங்காது.

உன் கடிதத்துக்கு முந்திய கப்பலிலேயே படம் வந்துவிட்டது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம், "அப்பாவுக்கு, கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க" என்று ஒரே வரி. வேறு விளக்கம் எதுவும் இல்லை. அப்பா அன்றைக்குக் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் படம் பிடிக்கப் போயிருந்தார். நான்தான் பார்சலைப் பிரித்தேன். கறுப்பு நிறத்தில் பெரிய படம், அதில் சீனியைக் கொட்டிவிட்ட மாதிரி நட்சத்திரங்கள். இத்தனை நட்சத்திரத்தை எந்த மகனும் தன் தாய்க்கு அனுப்பியிருக்க மாட்டான் என்று நினைத்து, கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன். படத்தின் நடுவில் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. ஒரே இருட்டு. சுற்றிவர அவ்வளவு நெருக்கமாய் இருந்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் பூச்சி அரித்த துணி மாதிரி ஓட்டை.

என் தொழில் என்னவென்று உனக்குத் தெரியும். அப்பா படம் பிடிப்பார், கழுவுவார், டச்சிங் என்னுடையது. முப்பது வருஷமாக நம் ஊர்த் திருகோணமலை வீதிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, நெகட்டிவில் பென்சிலாலும் படத்தில் பிரஷாலும் ஊர்ப்பட்ட முகங்களைத் திருத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். அம்மைத் தழும்பை எடுத்துவிடுங்கள், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்கள், கல்யாணத்துக்குப் பார்க்கிற பிள்ளை, அந்த மருவை மறைத்துவிடுங்கள். பிலிமத்தலாவைக் கடைக்காரர் ஒருவர் தன் செத்துப்போன அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து, மூடிய கண்ணைத் திறந்து வைக்கச் சொன்னார். அதையும் செய்தேன். இருக்கிறது அப்படியே இருக்கட்டும் என்று ஒருத்தரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. அப்படியிருக்க, நீ சீமையிலிருந்து அனுப்பிய முதல் படத்தில் இவ்வளவு பெரிய பழுது இருந்தால் நான் வேறு என்ன நினைப்பேன்? பிள்ளை அவசரத்தில் கண்ணாடித் தகட்டைச் சரியாகக் கழுவவில்லை, மருந்து அந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அப்பா பார்த்தால், "இத்தன வருஷம் இருட்டறையில வளந்தவன், ஒரு தகடு கழுவத் தெரியலயே" என்று ஊருக்கே கேட்கக் கத்துவார். உன் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும்.

வெள்ளைச் சாயத்தைக் குழைத்து, ஒற்றை மயிர் மாதிரி இருக்கும் அந்தப் பிரஷை எடுத்து, அப்பா வருவதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டேன். ஏனோதானோ என்று பொட்டு வைக்கவில்லை, மகனே. பக்கத்தில் இருப்பவை எப்படி இருக்கின்றன என்று பார்த்து, சிலதைப் பெரிதாகவும் சிலதை மங்கலாகவும், இரண்டு மூன்றை ஒட்டினாற்போலவும் வைத்தேன். என் கை வேலையிலேயே அதுதான் நல்ல வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். அப்பாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அன்று மாலையே சட்டம் போட்டு, கவர்னர் துரை குடும்பப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உன் படத்தை மாட்டினார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட வந்து மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். "எங்க மகன் அனுப்புனது" என்று அப்பா வாசலிலேயே நின்றார். இரண்டு நாள் தொழில் நடக்கவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது. அப்பா கடை வாசலில் நின்று சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"இந்தா, இங்க வா. இது சிலுவை நட்சத்திரமாம், தெக்க எங்கயோ எடுத்த தகடாம். அதுக்கு எடது பக்கம் கீழ பெரிய இருட்டு ஒண்ணு இருக்குமாம். அதான் முக்கியம், மத்ததெல்லாம் சும்மான்னு எழுதியிருக்கான். எங்க இருக்கு அந்த இருட்டு?"

நான் பிரஷை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"நான் அடச்சிட்டேன்."

"எத?"

"ஓட்டய. பழுதுன்னு நெனச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அடிப்பாவி, வானத்துக்கே டச்சிங் பண்ணிட்டியேடி!" என்று சொல்லி, வாசல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கும் முதலில் சிரிப்பு, பிறகு அழுகை. நீ அங்கே கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தகட்டில் இருக்கும் நட்சத்திரங்களை எண்ணுவதுதான் வேலை என்று எழுதியிருந்தாயே. இந்தப் படம் தவறிப்போய்த் திரும்ப உன் புரொபசரிடம் போயிருந்தால், என் சாயப் பொட்டுகளையும் சேர்த்து எண்ணியிருப்பார். இந்த மஹய்யாவ ஊர்க்காரி ஒருத்தி படைத்த நட்சத்திரங்களுக்கு அவர் என்னென்ன பெயர் வைத்திருப்பாரோ! சிரித்து முடித்துவிட்டு அப்பா மீதிக் கடிதத்தைப் படித்தார். உத்தியோகமா, மூன்று வருஷமா என்ற இடம் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் கழுவ ஒரு தகடும் இல்லை.

மறுநாள் படத்தைக் கழற்றி, ஈரப் பஞ்சால் என் நட்சத்திரங்களைத் துடைக்க உட்கார்ந்தேன். எது நீ அனுப்பியது, எது நான் வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாய் வைத்திருக்கிறேன். நல்லவேளை, சாயம் கரையும், படத்தில் உள்ளது கரையாது. ஒவ்வொன்றாகத் துடைக்கத் துடைக்க இருட்டு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள்ளும் சில மங்கலான பொட்டுகள் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். அசையவில்லை. அவை உன்னுடையவை. முதல் நாள் ஓட்டை ஓட்டை என்று பதறினேனே தவிர, அதற்குள் இவை இருந்ததை நான் பார்க்கவே இல்லை. பஞ்சை வைத்துவிட்டு உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அது ஓட்டை இல்லை, நமக்கும் தூரத்து நட்சத்திரங்களுக்கும் நடுவில் நிற்கிற தூசிப் படலம். அதற்குப் பின்னால் உள்ளவை மறைந்துபோகும், முன்னால் உள்ளவை மட்டும் தெரியும். அப்படித் தெரிகிறவற்றை எண்ணித்தான் அந்தப் படலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது ஒரு சொல்லும் ஏறவில்லை. கையில் பஞ்சோடு படித்தபோது எல்லாம் ஏறியது. துடைத்தும் போகாதவை நம் பக்கத்தில் நிற்கிறவை, அப்படித்தானே?

அந்த இருட்டை நீ முதலில் கண்டது எப்போது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஜெர்மன் யுத்தம் நடந்த காலம். மே மாதம், மாதாவுக்கு வணக்க மாதம். தினமும் பொழுது சாயக் கோயிலுக்குப் போய் ஜெபமாலை முடித்து, விளக்கு வைத்தபின் மஹய்யாவ மேட்டில் ஏறி வருவோம். ஹந்தானை மலை நமக்கு முதுகுப் பக்கம். நீ மட்டும் மலையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவாய். மலைக்கு மேலே சிலுவை நட்சத்திரம் நிற்கும். கோயிலில் பார்த்த சிலுவை நம் பின்னாலேயே வருகிறது என்று நான் சொல்லிவைத்திருந்தேன். நீ அதை விட்டுவிட்டு, "ம்மா, சிலுவைக்குப் பக்கத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டாய். கேட்டுக்கொண்டே வாய்க்காலில் விழுந்தாய். சேற்றோடு உன்னைத் தூக்கி முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே, "இல்லாததுக்குப் பேரு என்னா?" என்றாய். அடி வாங்கியும் கேள்வியை விடாத பிள்ளையை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

இருட்டறையிலும் அப்படித்தான். மருந்துத் தட்டில் முகம் மெல்ல ஏறி வரும்போது, "கழுவுறதுக்கு முன்னாடி இந்த மொகம் எங்க இருந்துச்சு?" என்று அப்பாவைக் குடைவாய். கல்லூரியில் உனக்குக் கணக்குச் சொல்லித்தந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். "உங்கட பெடியனுக்குக் கணக்கு நல்லா வரும், ஓம். ஆனா நான் ஒரு கேள்வி கேட்டா அவன் மூண்டு கேள்வி திருப்பிக் கேக்கிறான். என்ர பாடம் முடியுதில்லை" என்று முறையிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை; மாஸ்டரை உட்காரவைத்து இலவசமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்து அனுப்பினார். கொழும்புக்குப் படிக்கப் போனாய், பிறகு ஸ்காலர்ஷிப் கிடைத்துக் கப்பலேறினாய். டாக்டருக்குப் படிக்கவா, கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்துக்குப் படிக்கவா என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வானத்தைப் படிக்க" என்று சொல்ல எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

இப்போது என் கேள்விகள். அந்தத் தூசி தானாகத் திரண்டு, தன் பாரத்தாலேயே இறுகிச் சூடேறி, கடைசியில் நட்சத்திரமாகப் பற்றிக்கொள்ளும் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள், இன்னும் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் அலுமாரிக்கு அடியில் நான் கூட்டாத நாட்களில் தூசி தானே உருண்டு திரண்டு கிடக்கும். யாரும் சேர்க்க வேண்டியதில்லை. அது மாதிரியா? அப்படியானால் முதலில் யார் யாரை இழுக்கிறார்கள்? அங்கே அவ்வளவு குளிர் என்கிறாயே, சூடு எங்கிருந்து வருகிறது? ஒன்று பிறக்க எத்தனை காலம்? நீ மூன்று வருஷம் பார்த்தால் ஒன்றாவது பிறக்குமா, அல்லது மனுஷ ஆயுசு எதற்கும் போதாதா? போதாது என்றால், பிறப்பதைப் பார்க்காமலே பிறக்கிறது என்று எப்படிச் சொல்வாய்? நம் கோயில் சாமியாரிடம் கேட்டேன். எல்லாம் ஆதியிலேயே படைத்து முடிந்தது என்றார். ஆண்டவர் இன்னும் வேலையை முடிக்கவில்லை, இப்போதும் எங்கோ ஒரு இருட்டில் கை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். நாள் முழுக்க வேலை செய்கிற எனக்கு, வேலை செய்கிற ஆண்டவரைத்தான் பிடிக்கிறது. இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை.

உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி எது தெரியுமா? "இது இன்னும் யாருக்கும் தெரியாது, அம்மா" என்று எழுதினாயே, அதுதான். படித்தவர்கள் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை விட்டுவிடாதே. தெரியாத இடத்தில் அழகாக ஒன்றை வைத்து அடைத்துவிடலாம், ஊரும் மெச்சும். எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். எத்தனை பெரிய ஆள் சொன்னாலும், நீ பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதே. அடுத்தது, குளிருக்குக் கம்பளியைக் காதுவரை இழுத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே. அது தன் நேரத்துக்கு வரும்.

இனி அப்பாவைப் பற்றி. மறைக்க மாட்டேன், மகனே. அவருக்கு முழங்கால் விட்டுவிட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறிக் குரூப் படம் பிடிக்கப் போவது நின்றுபோய் நாளாகிறது. பெட்டியையும் முக்காலியையும் தூக்க ஆள் வைக்கிறார், வந்தவன் நிற்பதில்லை. கொழும்பில் வேலை என்றால் நீ சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அவர் மனதுக்குள் பெரிய கோட்டையே கட்டிவிட்டார். கடிதம் வந்த வாரமே உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், யாரும் சொல்லாமல். எனக்கு மட்டும் என்ன? நீ திரும்பிவந்து சோற்றைப் பிசைவதைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மூன்று வருஷம் உன் வயதில் ஒன்றுமில்லை. எங்கள் வயதில் அப்படி இல்லை. அந்த மூன்று வருஷம் முடிகையில் வாசலில் இரண்டு பேர் நிற்போமா என்று சில ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். அதே சமயம், அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போவேனோ என்றும் ஒரு தவிப்பு. இரண்டும் உண்மை. நான் உன்னை எனக்காகக் கூப்பிடவும் மாட்டேன், அப்பாவை மீறி அனுப்பவும் மாட்டேன். அவர் வாயால் வரட்டும் என்று எழுதாமல் காத்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. துடைத்த படத்தை மட்டும் வாங்கி, பழைய இடத்திலேயே மாட்டினார்.

நேற்றுப் பகல் கெலிஓயாவிலிருந்து அந்தக் கல்யாண வீட்டு முஸ்லிம் நானா படங்களை வாங்க வந்தார். காத்திருந்த நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "என்ன மொதலாளி, அண்டைக்கு பஸ்ஸுக்கு நிண்டப்ப பாக்க நல்லா ஈந்திச்சே இந்தப் படம்? இப்ப நடுவுல பெரிய ஓட்டையொண்டு ஈக்குது. பழுதாப் பெய்த்தா?" என்று கேட்டார். நான் பின்னறையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கை அப்படியே நின்றுவிட்டது.

"பழுது இல்ல நானா," என்றார் அப்பா. "அது உள்ளுக்குள்ளதான் நட்சத்திரம் பொறக்குதோ என்னாமோ, யாருக்கும் தெரியாதாம். எங்க மகன் அதப் பாத்துச் சொல்றதுக்கு அங்கயே இருக்கான். இன்னும் மூணு வருஷமாகும்."

நானா போனபிறகு நான் எழுந்து வந்தேன். அப்பா பில்லுக் கட்டுகளை அடுக்குகிற மாதிரி எதையோ அடுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "என்னாங்க சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சுல்ல? அதயே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். கொழும்புக்காரர்களுக்கு வேண்டாம் என்று இன்றைக்கே பதில் போடு.

உன் அம்மா